45 மி.மீ. தடத்தில் வளைவுக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

45 மி.மீ. கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) தடத்தில் ஓடும் பெரிய அளவு மாதிரி ரயில்களில் தடம் புரளுதல், கொக்கி கழலுதல், எஞ்சின் திணறுதல் போன்ற தொல்லைகள் பெரும்பாலும் வளைவில்தான் தலைகாட்டுகின்றன. ஆனாலும் ரயில் புரண்டவுடன் நாம் சக்கரத்தைச் சந்தேகிக்கிறோம், கொக்கியை மாற்றுகிறோம், பெட்டிக்குள் எடை வைக்கிறோம். அந்த வண்டிக்கு அந்த வளைவின் ஆரம் போதுமா என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறோம். இங்கே அந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் வளைவை அளந்துகொள்ள வேண்டும். பிறகு அறிகுறி எங்கே, எந்த வண்டியில், எப்போது வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கையில் திருகாணி முடுக்கியை எடுப்பது அதற்கும் பிறகுதான்.

எஞ்சின் வந்த அட்டைப்பெட்டியில் ‘குறைந்தபட்ச ஆரம் 600 மி.மீ.’ என்று அச்சிட்டிருந்தால், நன்றாகப் பதித்த சமதளத் தடத்தில் அந்த எஞ்சின் அவ்வளவு குறுகிய வளைவைக் கடந்துவிடும் என்பதே அதன் பொருள். பின்னால் நீண்ட பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஏற்றத்தில், வெயிலில் சற்றே நெளிந்த தடத்தில், மணிக்கணக்கில் இடறாமல் ஓடும் என்று அந்த வரி எங்கும் உறுதி கூறவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தில்தான் கீழே வரும் கோளாறுகள் எல்லாம் பிறக்கின்றன.

அந்த 600 மி.மீ. எவ்வளவு குறுகலானது என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் எல்ஜிபி ரயிலை அறிமுகப்படுத்தியபோது, மீட்டர் கேஜ் பாதையை 1:22.5 என்ற விகிதத்தில் சுருக்கி 45 மி.மீ. தடத்தில் ஓடவிட்டது. அதே விகிதத்தில் ஆர்1 எனப்படும் 600 மி.மீ. வளைவை விரித்தால், உண்மையான பாதையில் 13.5 மீட்டர் ஆரம் வரும். மலைச்சரிவுகளில் நெளிந்து ஏறும் சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதையில்கூட மிகக் குறுகிய வளைவின் ஆரம் 45 மீட்டர். மாதிரியில் அது 2 மீட்டர். அதே பாதையில் 1908 முதல் இருந்துவரும் புகழ்பெற்ற புரூசியோ சுற்றுப்பாலத்தின் ஆரம் 70 மீட்டர். அதை அப்படியே சுருக்கினால் 3.1 மீட்டர் வேண்டும். ஆகவே நம்மில் பெரும்பாலோர் பதிக்கும் வளைவுகள் எல்லாமே ஒரு சமரசம்தான். எந்தச் சமரசத்தை எந்த வண்டி தாங்கும் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்: வளைவை அளத்தல்

வாங்கியபோது சொன்ன பெயரை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஐரோப்பிய நிறுவனங்கள் வளைவை ஆரத்தால் குறிக்கின்றன. அமெரிக்க வழக்கத்தில் 4 அடி, 5 அடி, 8 அடி, 10 அடி என்பவை முழு வட்டத்தின் விட்டம். ‘8 அடி வளைவு’ என்று கேட்டு வாங்கியவர் 8 அடி ஆரம் கிடைத்ததாக எண்ணிக்கொண்டிருந்தால், அவரிடம் உண்மையில் இருப்பது அதில் பாதிதான். போதாக்குறைக்கு, ஒரே பெயர் இரண்டு நிறுவனங்களில் இரண்டு அளவைக் குறிக்கிறது. எல்ஜிபியில் ஆர்1 என்பது 600, ஆர்2 என்பது 765, ஆர்3 என்பது 1195, ஆர்5 என்பது 2320 மி.மீ. பிக்கோ நிறுவனத்தின் ஆர்1 அதே 600தான். ஆனால் அதன் ஆர்3 சுமார் 920, ஆர்5 சுமார் 1240, ஆர்7 சுமார் 1560 மி.மீ. எல்ஜிபியின் ஆர்3ஐ எதிர்பார்த்துத் திட்டம் வரைந்தவர் பிக்கோவின் ஆர்3ஐ வாங்கிப் பதித்தால், ஆரத்தில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போயிருக்கும். பழைய தடங்களைக் கலந்து வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

அளப்பதற்கு 600 மி.மீ. நீளமுள்ள ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேல் போதும். அதைத் தடத்தின் மேல் படுக்கவைத்து, இரு முனைகளும் வெளித் தண்டவாளத்தின் உட்பக்க விளிம்பைச் சரியாகத் தொடும்படி வையுங்கள். பிறகு ஸ்கேலின் நடுப்புள்ளியிலிருந்து அதே தண்டவாளத்தின் உட்பக்க விளிம்பு வரை உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அது 77 மி.மீ. அளவில் இருந்தால் அந்த இடம் எல்ஜிபி ஆர்1. 59 என்றால் ஆர்2. 37 அல்லது 38 என்றால் ஆர்3. 19 என்றால் ஆர்5. வேறு எண் வந்தால், 600இன் வர்க்கத்தை அந்த இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்து, இடைவெளியில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிடைப்பது வெளித் தண்டவாளத்தின் ஆரம். அதிலிருந்து 22.5ஐக் கழித்தால் தடத்தின் நடுக்கோட்டு ஆரம் வரும்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு நின்றுவிடக் கூடாது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒவ்வொரு 300 மி.மீ.க்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் இந்த இடைவெளியை அளந்து ஸ்லீப்பர் கட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள். 38, 37, 38, 39 என்று எண்கள் ஒட்டி வந்தால் வளைவு ஒழுங்காக இருக்கிறது. கோளாறு இருந்தால் அது ஆரத்தின் அளவிலோ வண்டியிலோ இருக்கும். 38, 36, 52, 29 என்று தாறுமாறாக வந்தால், அந்த 52 உள்ள இடத்தில் உங்கள் ஆர்3 வளைவு ஆர்2ஐ நோக்கி நன்றாகவே சுருங்கிப் போயிருக்கிறது என்று பொருள். வண்டிக்குப் பெயர் தெரியாது. அது சந்திக்கும் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுதான் அதற்கு வளைவு.

அறிகுறி: எல்லா வண்டிகளும் ஒரே இடத்தில் தடம் புரளுகின்றன

எந்த வண்டியை ஓட்டினாலும் ஒரே இடத்தில் புரண்டால், ஆரத்தை மாற்ற அவசரப்பட வேண்டாம். இது பெரும்பாலும் பதிப்பின் குறை. புரளும் இடத்தில் வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சக்கர விளிம்பு ஏறிய இடத்தில், உள்மூலையிலிருந்து தொடங்கித் தண்டவாளத்தின் தலையைக் குறுக்காகக் கடந்து வெளிப்பக்கம் இறங்கும் மெல்லிய கீறல் ஒன்று தெரியும். அந்தக் கீறலின் தொடக்கப் புள்ளிதான் நாம் தேடும் இடம். வண்டி விழுந்து கிடக்கும் இடம் அதற்குச் சில அங்குலம் தள்ளியே இருக்கும்.

கீறல் ஓர் இணைப்பில் தொடங்கினால், இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் தண்டவாளம் முறுகி நிற்கிறது. வளையும் வகைத் தடத்தைக் கையாலேயே வளைத்துப் பதித்தவர்களிடம் இது மிகுதி: தண்டவாளத்தின் நடுப்பகுதி வளையும், கடைசிச் சில அங்குலங்கள் நேராகவே நிற்கும், இரண்டு நேரான முனைகள் சந்திக்கும்போது அங்கே ஒரு கோணம் உருவாகும். தண்டவாளம் வளைக்கும் உருளைக் கருவியால் முனை வரை முன்கூட்டியே வளைத்துக்கொள்வதும், அந்த இணைப்பில் சாதாரண ஜாயின்டரை எடுத்துவிட்டுத் திருகு வைத்த கிளாம்ப் போடுவதும் இதற்கு நிலையான தீர்வு.

கீறல் இணைப்பில் இல்லாவிட்டால் ரசமட்டத்தைத் தடத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். உள், வெளித் தண்டவாளங்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைவிட, அடுத்தடுத்த அடிகளில் மட்டம் திடீரென மாறக் கூடாது என்பது முக்கியம். ஓரிடத்தில் வெளித் தண்டவாளம் 3 மி.மீ. தாழ்ந்திருந்தால், அசைவில்லாத சட்டமுள்ள எஞ்சினின் முன்சக்கரம் அங்கே காற்றில் தொங்கும். தொங்கும் சக்கரத்தை வளைவு வெளியே தள்ள அதிக விசை தேவையில்லை. மழைக்குப் பிறகு ஜல்லி இறங்கிய தோட்டப் பாதைகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்து, புரளுமிடம் வளைவின் நுழைவிடமாகவே இருந்தால், நேர்த்தடத்திலிருந்து குறுகிய வளைவுக்குள் வண்டி திடீரெனத் திருப்பப்படுகிறது. உண்மையான ரயில்பாதைகளில் நேருக்கும் வளைவுக்கும் நடுவே ஆரம் சிறிது சிறிதாகக் குறையும் இடைநிலை வளைவு இருக்கும். துண்டுத் தடத்தில் அதைச் சரியாகச் செய்ய முடியாது. ஆனால் அதற்கு நெருக்கமான ஒன்றை மிகக் குறைந்த செலவில் செய்யலாம். எல்ஜிபி ஆர்1, ஆர்2 துண்டுகள் இரண்டுமே 30 பாகை. அரைவட்டத்துக்கு ஆறு ஆர்1 துண்டுகளைப் போடுவதற்குப் பதிலாக, இரு முனைகளிலும் ஒவ்வோர் ஆர்2 துண்டும் நடுவில் நான்கு ஆர்1 துண்டுகளும் போடுங்கள். அரைவட்டத்தின் அகலம் 1200 மி.மீ.யிலிருந்து 1244 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். 44 மி.மீ. இடத்தைக் கொடுத்து இவ்வளவு மென்மையான நுழைவைப் பெறும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆர்1இல் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்தாக வேண்டும் என்றே சொல்வேன்.

இன்னும் சற்று இடம் இருந்தால், 22.5 பாகையுள்ள ஆர்3 துண்டுகளை முனைக்கு இரண்டாக வைத்து, நடுவில் மூன்று ஆர்2 துண்டுகளைப் போடலாம். 45, 90, 45 என்று 180 பாகை சரியாக அமையும். அகலம் ஏறக்குறைய 1782 மி.மீ. வரும். முழுதும் ஆர்3ஆகப் போட்டால் 2390 மி.மீ. தேவைப்படும் என்பதை நினைத்தால், நடுத்தர இடமுள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

அறிகுறி: ஒரே ஒரு எஞ்சின் மட்டும் எல்லா வளைவிலும் ஏறிவிழுகிறது

மற்ற வண்டிகள் ஒழுங்காக ஓடும்போது ஓர் எஞ்சின் மட்டும் இடறினால், அதன் அசையாத சக்கர இடைவெளியை அளந்து பாருங்கள். அதாவது ஒரே சட்டத்தில் இறுகப் பொருத்திய முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையிலான தூரம். அது 200 மி.மீ. என்றால், ஆர்1 வளைவில் நடு அச்சு நேர்கோட்டிலிருந்து 8 மி.மீ.க்கும் சற்று அதிகமாக விலகி நிற்க வேண்டும். ஆர்3இல் 4 மி.மீ., ஆர்5இல் 2 மி.மீ. இந்த விலகலுக்கு இடம் கொடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் நடுச் சக்கரங்களுக்கு விளிம்பு இல்லாமல் விடுகிறார்கள், அல்லது அச்சைப் பக்கவாட்டில் நகரவிடுகிறார்கள். எஞ்சினைத் தலைகீழாகப் பஞ்சின் மேல் வைத்து, நடு அச்சை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால், எத்தனை மி.மீ. நகர்கிறது என்று தெரிந்துவிடும். தேவைப்படும் விலகலைவிட அது குறைவாக இருந்து, நடுச் சக்கரங்களுக்கு விளிம்பும் இருந்தால், எவ்வளவு எடை வைத்தாலும் அந்த எஞ்சின் அந்த வளைவில் நிம்மதியாக ஓடாது. அதற்குப் பெரிய வளைவைக் கொடுங்கள், அல்லது அதை அந்தப் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள்.

நகர்வு போதுமானதாக இருந்தும் ஏறிவிழுந்தால், வெர்னியர் காலிப்பரால் சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 45 மி.மீ. தடத்தில் அது 40 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக விரிந்த சக்கரங்கள் நேர்த்தடத்தில் ஒன்றும் காட்டிக்கொடுக்காமல், குறுகிய வளைவில் இறுகிக்கொண்டு மேலேறும். அதைவிடக் குறைவாக ஒடுங்கியவை பாயிண்டுகளில் (தடம் இரண்டாகப் பிரியும் இடங்களில்) காப்புத் தண்டவாளத்தை மோதும். முன்னே வழிகாட்டும் சிறுசக்கரங்கள் புரள்கின்றன என்றால், அவற்றைத் தாங்கும் கை எஞ்சினின் சிலிண்டரிலோ படிக்கட்டிலோ முட்டுகிறதா என்று வளைவின் நடுவில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். முட்டுமிடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளப்பாக இருக்கும்.

அறிகுறி: நீண்ட ரயிலின் நடுப்பெட்டி வளைவின் உட்பக்கம் சாய்ந்து விழுகிறது

ஐந்து பெட்டிகளோடு நன்றாக ஓடிய ரயில் பதினைந்து பெட்டிகளோடு விழுகிறது. விழுவது எப்போதும் உட்பக்கம். விழும் பெட்டி எடை குறைந்த ஒன்று. இது சக்கரக் கோளாறே அல்ல. முன்னே எஞ்சின் இழுக்க, பின்னே பெட்டிகள் பின்னிழுக்க, நடுவில் உள்ள பெட்டி வளைவின் குறுக்கே நேராக வர முயல்கிறது.

இதன் அளவைக் கணக்கிட முடியும். ஒரு பெட்டியின் மீது உட்பக்கமாக விழும் விசை, அந்த இடத்தில் உள்ள இழுவிசையைக் கொக்கிக்குக் கொக்கி உள்ள நீளத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 450 மி.மீ. நீளமுள்ள பெட்டி ஆர்1இல் போகும்போது இழுவிசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஆர்3இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆர்5இல் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே முதலில் செய்ய வேண்டியது ரயிலின் வரிசையை மாற்றுவது: கனமான பெட்டிகள் எஞ்சினை ஒட்டியும், காலியான, குட்டையான பெட்டிகள் வாலிலும் இருக்க வேண்டும். இழுவிசை முன்பக்கத்தில்தான் மிகுதி. அடுத்து, இறுகிச் சுற்றும் அச்சுகளைக் கண்டுபிடித்து எண்ணெய் இடுங்கள். பின்னிழுப்பு குறைந்தால் முன்னுள்ள இழுவிசையும் குறையும். அழகுக்காக வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் பதித்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். வேகமாக ஓடும் உண்மையான ரயிலுக்கு அந்த உயர்வு உதவுகிறது. நம் வேகத்தில், குறுகிய வளைவில், பெட்டி ஏற்கெனவே சாயத் துடிக்கும் பக்கத்துக்கே அது மேலும் சாய்க்கிறது.

அறிகுறி: வளைவில் கொக்கி கழலுகிறது, அல்லது பின்னால் தள்ளும்போது பெட்டி புரள்கிறது

கொக்கி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சக்கரத் தொகுதியிலேயே பொருத்திய கொக்கி வளைவோடு சேர்ந்து திரும்பும்; பெட்டியின் உடலில் பொருத்திய கொக்கி, பெட்டியின் முனை எவ்வளவு வெளியே துருத்துகிறதோ அவ்வளவு தூரம் தடத்தை விட்டு விலகும். உடலில் பொருத்தியது நீண்ட ரயிலைத் தள்ளுவதற்கு நல்லது, தோற்றத்துக்கும் நல்லது; ஆனால் அதற்கு அகன்ற வளைவு வேண்டும். ஆர்1இல் ஓட்டுபவர் அதை வாங்கிப் பொருத்துவதில் பயனில்லை. ஒரு பெட்டியில் ஒரு வகையும் அடுத்ததில் மற்ற வகையுமாக இணைப்பது இன்னும் மோசம், ஏனெனில் ஒரு முனை வெளியே துருத்த, மற்றது தடத்தோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கொக்கி முழு விலகலையும் தாங்க வேண்டும்.

கழலுவது வளைவின் நடுவில் இல்லாமல், இடவளைவு முடிந்து வலவளைவு தொடங்கும் இடத்தில் நிகழ்ந்தால், அது எஸ் வளைவுக் கோளாறு. ஒரு பெட்டியின் முனை ஒரு பக்கம் துருத்தும் அதே நொடியில், அதோடு கொக்கி கோத்த அடுத்த பெட்டியின் முனை எதிர்ப்பக்கம் துருத்துகிறது. இரண்டு வளைவுகளுக்கும் நடுவே, உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் நீளத்துக்குக் குறையாத நேர்த்தடம் இருக்க வேண்டும் என்பது விட்டுக்கொடுக்கக் கூடாத விதி. திட்டத்தில் எஸ் வளைவே இல்லை என்று சொல்பவர்களும் பாயிண்டுகளை மறந்துவிடுகிறார்கள். இணையாக ஓடும் இரண்டு தடங்களை இரண்டு ஆர்1 பாயிண்டுகளால் இணைத்தால் அங்கே உருவாவது கடுமையான எஸ் வளைவு. வளைவெல்லாம் ஆர்3ஆகப் போட்டுவிட்டு, பணத்தை மிச்சப்படுத்த ஆர்1 பாயிண்டு வைத்த பாதையில், அந்தப் பாயிண்டுதான் பாதையின் உண்மையான ஆரம். என் கருத்தில், செலவு செய்வதற்கு ஓர் இடம்தான் இருக்கிறது என்றால், முதன்மைத் தடத்தில் உள்ள பாயிண்டுகளை ஆர்3ஆக மாற்றுவதற்கே அதைச் செலவிட வேண்டும்.

அறிகுறி: பெட்டி சுரங்க வாயிலையோ பக்கத்துத் தடத்து ரயிலையோ உரசுகிறது

பெட்டி வளைவில் இரண்டு விதமாகத் துருத்துகிறது: இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே உள்ள வயிற்றுப்பகுதி உட்பக்கம், இரு முனைகளும் வெளிப்பக்கம். உரசல் தடம் வாயிலின் உட்சுவரில் இருந்தால் வயிறு உரசுகிறது. வெளிச்சுவரில் இருந்தால் முனை உரசுகிறது.

வயிற்றுத் துருத்தலைக் கணக்கிட, சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்கவும். முனைத் துருத்தலுக்கு, பெட்டியின் மொத்த நீளத்தின் வர்க்கத்திலிருந்து அந்த மைய இடைவெளியின் வர்க்கத்தைக் கழித்து, அதே எட்டு மடங்கு ஆரத்தால் வகுக்கவும். அமெரிக்காவின் 85 அடிப் பயணிகள் பெட்டியை, நீளத்தை மேலும் குட்டையாக்காமல், சரியாக 1:29 விகிதத்தில் செய்தால் 893 மி.மீ. வரும்; மைய இடைவெளி 625 மி.மீ. என்று கொள்வோம். ஆர்1இல் அதன் வயிறு 81 மி.மீ. உள்ளேயும் முனைகள் 85 மி.மீ. வெளியேயும் போகும், சுமார் 105 மி.மீ. அகலமுள்ள பெட்டிக்கு இது அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஆர்3இல் 41, 43 மி.மீ.; ஆர்5இல் 21, 22 மி.மீ.

எல்ஜிபியின் ஆர்1க்கு வெளியே ஆர்2 வைத்தால் இரண்டு தடங்களுக்கும் நடுக்கோட்டு இடைவெளி 165 மி.மீ. குட்டையாகச் செய்யப்பட்ட பெட்டிகளுக்கு அது சரி. மேலே சொன்ன நீண்ட பெட்டிகள் இரண்டு தடங்களிலும் எதிரெதிரே வந்தால், உள்தடத்துப் பெட்டியின் முனை 85, வெளித்தடத்துப் பெட்டியின் வயிறு 64, இரண்டு பெட்டிகளின் பாதி அகலங்கள் சேர்ந்து 105 என்று 254 மி.மீ. தேவைப்படும். மோதல் உறுதி. இதற்குப் பாதையைப் பெயர்த்துப் போடுவதைத் தவிர வழியில்லை என்பதால், ஜல்லி கொட்டுவதற்கு முன்பே, மிக நீளமான பெட்டியின் வயிற்றிலும் முனையிலும் ஒரு பென்சிலைக் கட்டி, வளைவு முழுதும் கையால் தள்ளிக் கோடு வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோடுகளுக்கு வெளியே இரு பக்கமும் 25 மி.மீ. விட்டுத்தான் சுவரோ மரமோ கம்பமோ வர வேண்டும்.

இடத்தைத் திட்டமிடும்போதும் இதே கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்3 முழுவட்டம் 2.39 மீட்டர் என்று நினைத்து 2.4 மீட்டர் மேடை கட்டினால், நீண்ட பெட்டிகள் மேடைக்கு வெளியே தொங்கும், அவற்றுக்கு 2.63 மீட்டர் வேண்டும். ஆர்5க்கு ஏறக்குறைய 4.85 மீட்டர்.

அறிகுறி: வளைவில் ரயில் வேகம் குறைகிறது, எஞ்சின் சூடாகிறது

ஓர் அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே சுற்றுகின்றன. வளைவிலோ வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. ஆர்1இல் ஒவ்வொரு மீட்டருக்கும் இந்த வேறுபாடு 75 மி.மீ.; ஆர்3இல் 38; ஆர்5இல் 19. சக்கரக் கூம்பு (தண்டவாளத்தில் உருளும் பரப்பின் சரிவு) ஈடுசெய்ய முடியாத பகுதி முழுவதும் சறுக்கலாகவே போகிறது, அந்தச் சறுக்கலை எஞ்சின்தான் இழுக்க வேண்டும். குறுகிய வளைவில் கேட்கும் கிறீச்சொலியும் தண்டவாளத்தில் படியும் கருப்புத் தூளும் இதன் விளைவுகள்.

எவ்வளவு இழப்பு என்பதை மீன் எடை பார்க்கும் சிறிய ஸ்பிரிங் தராசால் கண்டுபிடிக்கலாம். எஞ்சினை எடுத்துவிட்டு, பெட்டிகளை மட்டும் நேர்த்தடத்தில் தராசால் மெதுவாக இழுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பெட்டிகளை வளைவில், தடத்தின் போக்கிலேயே இழுத்துப் பாருங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட மிக அதிகமாக இருந்து, வளைவு ஏற்றத்திலும் இருந்தால், இரண்டு சுமைகளும் ஒரே இடத்தில் விழுகின்றன. வளைவைப் பெரிதாக்க இடமில்லாவிட்டால், அந்த வளைவின் ஏற்றத்தைக் குறைத்து, அந்த உயரத்தை நேர்த்தடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 100க்கு 3 என்ற ஏற்றத்தை நேர்த்தடத்தில் சமாளிக்கும் எஞ்சின், அதே ஏற்றத்தில் ஆர்1 வளைவையும் சேர்த்துச் சமாளிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: காலையில் சரியாக ஓடியது மதியத்தில் புரள்கிறது

பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டருக்கு, வெப்பம் 30 பாகை செல்சியஸ் ஏறினால், ஏறக்குறைய 6 மி.மீ. நீளும், அலுமினியம் 7 மி.மீ. இரு முனைகளும் நகர முடியாமல் சிமெண்டில் இறுகியிருந்தால் அந்த 6 மி.மீ. எங்காவது வெளியேற வேண்டும், வளைவில் அது பக்கவாட்டுப் புடைப்பாக வெளியேறுகிறது. காலையில் ஸ்லீப்பரில் எழுதிய இடைவெளி எண்களை உச்சிவெயிலில் மறுபடி அளந்தால், புடைத்த இடம் தானே தெரியும். தடத்தைத் திருகால் இறுக்காமல் ஜல்லியில் மிதக்கவிட்டு, இணைப்புகளை மட்டும் கிளாம்பால் இறுக்கினால், வளைவு முழுதுமாகச் சில மி.மீ. வெளியே நகர்ந்து மாலையில் திரும்பி வரும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் பார்க்க நன்றாக இல்லை

இதுவும் உண்மையான கோளாறுதான். ரயிலைப் பார்ப்பதற்காகத்தானே ஓட்டுகிறோம். மாதிரிப் பாதை அமைப்பவர்களிடையே நெடுநாளாக வழங்கும் ஒரு கணக்கு இங்கே உதவும்: ஆரம் மிக நீளமான பெட்டியின் 2 மடங்கு இருந்தால் சில வண்டிகள் ஓடும், 2.5 மடங்கு இருந்தால் பெரும்பாலானவை ஓடும், 3 மடங்கு இருந்தால் எல்லாமே நம்பிக்கையாக ஓடும், அதற்கு மேல் போகப்போகத் தோற்றம் சரியாகும். 300 மி.மீ. இரட்டை அச்சுச் சரக்குப் பெட்டிக்கு ஆர்1 இரண்டு மடங்கு, 490 மி.மீ. குட்டைப் பயணிகள் பெட்டிக்கு எல்ஜிபி ஆர்3 ஏறக்குறைய இரண்டரை மடங்கு, 893 மி.மீ. முழுநீளப் பெட்டிக்கு ஆர்5கூட மூன்று மடங்கை எட்டவில்லை.

இடம் வளராது என்றால் பெட்டியின் நீளத்தைக் குறைப்பதே நேர்மையான வழி. 600 மி.மீ. வளைவில் சுரங்கத் தொழிற்சாலையின் சிறிய எஞ்சினும் மூன்று குட்டை வண்டிகளும் இயல்பாகத் தோன்றும்; அதே வளைவில் முழுநீள எக்ஸ்பிரஸ் ரயில் எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஒவ்வொரு பெட்டியின் மூலையும் வானத்தை நோக்கிக் கிழிந்து நிற்பதுபோல் தெரியும். பார்ப்பவர் நிற்குமிடத்தையும் தேர்ந்துகொள்ளலாம். வளைவின் உட்பக்கத்தில் நிற்பவருக்குப் பெட்டிகளுக்கு இடையிலான பிளவு மூடித் தெரியும். வெளிப்பக்கத்தில் நிற்பவருக்கு அது விரிந்து தெரியும். ஆகவே குறுகிய அரைவட்டத்தின் வெளிப்பக்கத்தை மண்மேடாலோ அடர்ந்த புதராலோ மறைத்து, நடைபாதையை உட்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மேடு எழுப்புவதற்கு முன், பென்சிலால் வரைந்த துருத்தல் கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.